ஊர் கூடி எழுதும் நூல்

மைசூர் அக்ரஹாரத்தில் நான் குடியிருக்கும் அறை ஒரு பழைய வீட்டின் பின்கட்டில் இருக்கிறது. வீட்டுக்காரரின் தாயார் எண்பதைக் கடந்தவர். கண் பார்வை இன்னும் தெளிவு. காது அதைவிடத் தெளிவு. ஒரு நாள் காலையில் காப்பித் தம்ளரை நீட்டியவாறே அவர் கேட்டார்:

“ஏம்பா, ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் விளக்கு எரியறதே, பரீட்சையா?”

“இல்லை பாட்டி. ஒரு புத்தகத்துக்குப் பிழை திருத்துகிறேன்.”

“எந்த அச்சுக்கூடத்துக்கு?”

“அச்சுக்கூடம் இல்லை, பாட்டி.”

“சம்பளம் தருவாளோ?”

“அதுவும் இல்லை.”

“அப்போ யாருக்காகத்தான் கண்ணைக் கெடுத்துக்கறே?”

இந்தக் கேள்விக்கு அன்று எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. ‘எல்லோருக்கும்’ என்று சொல்லிவிட்டுக் கல்லூரிக்கு ஓடிவிட்டேன். நம் சங்கத்து நண்பர்கள் சிலரும் இதே கேள்வியை வேறு விதமாகக் கேட்கிறார்கள். ஆகவே, கூடுமான வரையில் விளக்கமாகச் சொல்ல முயல்கிறேன்.

நூல் என்றதும் நம் மனத்தில் தோன்றும் காட்சி என்ன? ஆசிரியர் ஒருவர் எழுதுகிறார், பதிப்பாளர் ஒருவர் அச்சிடுகிறார், கடைக்காரர் விற்கிறார், நாம் வாங்குகிறோம், அல்லது நூலகத்தில் இரவல் பெறுகிறோம். பக்கத்தில் ஒரு பிழை கண்டால் பென்சிலால் ஓரத்தில் குறித்து வைப்போம். அந்தக் குறிப்பு அந்த ஒரு பிரதியோடு நின்றுவிடும். அடுத்த ஊரில் அதே நூலைப் படிப்பவர் அதே பிழையில் மறுபடியும் தடுக்கி விழுவார்.

நான் சொல்லும் நூல் அப்படிப்பட்டதன்று. அதில் படிப்பவன் கையிலேயே எழுதுகோலும் இருக்கிறது. ஓரத்தில் குறிக்க வேண்டியதில்லை. நேரே பக்கத்தையே திருத்திவிடலாம். திருத்திய அந்தக் கணமே கோலாலம்பூரில் இருப்பவருக்கும் யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கும் திருந்திய பக்கமே கிடைக்கிறது. ‘திறந்த மூலம்’ என்பது முதலில் கணிப்பொறி நிரல்களுக்கு வழங்கிய பெயர். நிரலின் மூலத்தைப் பூட்டி வைக்காமல் எவரும் படிக்க, மாற்ற, பிறருக்குக் கொடுக்க விட்டுவிடுவதே அதன் பொருள். பிறகு அந்த வழக்கத்தை நூல்களுக்கும் கொண்டு வந்தார்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் என்னும் உரிம வகைகளில் ஒன்று இதற்கென்றே பயன்படுகிறது. எடுத்துக்கொள், மாற்று, விற்கவும் செய், ஆனால் யாரிடமிருந்து எடுத்தாய் என்று சொல், நீ பெற்ற உரிமையை உனக்குப் பின்னால் வருபவனுக்கும் கொடு. இவ்வளவே அதன் சாரம். தண்ணீர்ப் பந்தல் வைப்பவர் குவளையைச் சங்கிலியில் கட்டி வைப்பது போன்ற நிபந்தனை இது. குடிக்கத் தடையில்லை, குவளையை வீட்டுக்கு எடுத்துச் செல்லத்தான் தடை.

இத்தகைய நூலுக்கு ஏற்ற கருவியை 1995-ல் அமெரிக்கரான வார்டு கன்னிங்காம் என்பவர் அமைத்தார். ஹவாய்த் தீவின் ஹொனலூலு விமான நிலையத்தில் பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் பஸ்ஸுக்கு ‘விக்கி விக்கி’ என்று பெயர். அந்நாட்டு மொழியில் ‘விரைவு’ என்று பொருள். அந்தப் பெயரையே தம் கருவிக்குச் சூட்டினார். 2000-ல் ‘நியூபீடியா’ என்றொரு கலைக்களஞ்சிய முயற்சி தொடங்கியது. அறிஞர்களே எழுத வேண்டும், ஏழு படிகளில் தேர்ந்து ஏற்க வேண்டும் என்பது அதன் விதி. அது நின்று போவதற்குள் ஏறக்குறைய இரண்டு டஜன் கட்டுரைகளே அந்த ஏழு படிகளையும் ஏறி வந்தன. அதற்குத் துணையாக 2001 ஜனவரியில், யாரும் எழுதலாம் என்று விட்ட விக்கிப்பீடியாவோ உலகமெங்கும் படர்ந்துவிட்டது. தமிழ் விக்கிப்பீடியா 2003-ல் பிறந்தது. அதில் எழுதுவோர் கூடிப் பேசும் இடத்துக்கு ‘ஆலமரத்தடி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்தவர் கிராமத்துப் பஞ்சாயத்தைப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

ஊரார் கூடி ஒரு நூலை ஆக்குவது முற்றிலும் இணையம் தந்த புதுமை என்று எண்ணிவிடக் கூடாது. ஆங்கிலேயரின் ஆக்ஸ்போர்டு அகராதியையே எடுத்துக்கொள்வோம். 1857-ல் எழுந்த எண்ணம் அது. முதற்பதிப்பு முடிந்தது 1928-ல். இடையே 1879-ல் அதன் ஆசிரியர் ஜேம்ஸ் மர்ரே பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். நூல்களைப் படியுங்கள், ஒரு சொல் எங்கே எந்தப் பொருளில் வருகிறது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி அனுப்புங்கள் என்பதே வேண்டுகோள். துண்டுத் தாள்கள் வந்து குவிந்தன. தபால் பெருகியதால் அவர் வீட்டு வாசலிலேயே ஒரு தபால் பெட்டியை நட்டுவிட்டார்கள். எழுதி அனுப்பியவர்களில் பாதிரிமார் உண்டு, பள்ளி ஆசிரியர் உண்டு, பைத்தியக்கார விடுதியில் அடைபட்டிருந்த ஒரு டாக்டரும் உண்டு.

இந்த மைசூரிலேயே நடந்த கதை ஒன்றும் இருக்கிறது. 1905-ஐ ஒட்டித் தஞ்சாவூர் ஜில்லாப் பண்டிதர் ஒருவர், கிரந்த எழுத்தில் இருந்த ஓர் ஏட்டுக் கட்டை இங்குள்ள கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் கொண்டு வந்து கொடுத்தார். நூலகராக இருந்த ஆர். சாமாசாஸ்திரி அதைப் பிரித்துப் படித்துப் பார்த்தார். நூற்றாண்டுகளாகப் பெயரளவில் மட்டும் அறியப்பட்டிருந்த கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் அது! 1909-ல் அதை அச்சிட்டு, 1915-ல் ஆங்கிலத்திலும் பெயர்த்தார். சாமாசாஸ்திரியின் பெயரை உலகம் அறியும். ஆனால் ஏட்டைத் தூக்கி வந்தவர் வரலாற்றில் ‘தஞ்சை ஜில்லாப் பண்டிதர் ஒருவர்’ என்று மட்டும் நிற்கிறார். இணையத்தில் ஊர் கூடி எழுதும் நூலில் இக்குறை இல்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் ‘வரலாறு’ என்று ஓர் ஏடு இருக்கிறது. ஒரு காற்புள்ளியை மாற்றியவர் பெயரும், மாற்றிய நாளும், நாழிகையும் அதில் பதிந்து கிடக்கின்றன.

நம் பல்கலைக்கழகமும் இவ்வகையில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. மைசூர்ப் பல்கலைக்கழகம் பதினான்கு தொகுதிகளாகக் கன்னட விசுவகோசம் ஒன்றை வெளியிட்டது. அவற்றில் ஆறு தொகுதிகளை 2014-ல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ்ப் பொதுமக்களுக்கு விட்டுக் கொடுத்தது. அலமாரியில் இருந்த அறிவு அன்று முதல் ஊர்ப் பொதுச் சொத்து ஆயிற்று. மானசகங்கோத்ரியில் நம்மோடு படிக்கும் கன்னட நண்பர்களைக் கேளுங்கள். இவ்வேலையில் கை வைத்தவர் யாரேனும் அகப்படக் கூடும். ஒரு கட்டுரை எழுதுவதைவிட எழுதியதைக் கொடுப்பதற்கே ஒரு நிறுவனத்துக்கு அதிகத் துணிவு வேண்டும் என்பது என் எண்ணம்.

தமிழுக்கு வருவோம். மயிலை சீனி. வேங்கடசாமி 1959-ல் ‘மறைந்து போன தமிழ் நூல்கள்’ என்றொரு நூல் வெளியிட்டார். பழைய உரைகளில் பெயர் மட்டும் வருகின்ற, அல்லது நாலு வரி மேற்கோளாக மட்டும் வருகின்ற நூல்களின் கணக்கு அது. படிக்கப் படிக்க மனம் கனக்கும். கரையானும் வெள்ளமும் அலட்சியமும் சேர்ந்து அழித்தவை போக, மனிதர் கையால் எரிந்தவையும் உண்டு. 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையானபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின என்பர். ஒரே ஒரு பிரதியாக அங்கிருந்த ஏடுகளும் அவற்றில் அடங்கும். இந்நிகழ்ச்சியை நெஞ்சில் வைத்திருக்கும் இலங்கைத் தமிழர் சிலர் 2005-ல் ‘நூலகம்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் ஏற்றி வருகிறார்கள். அதற்கும் முன்னால், 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய முனைவர் கல்யாணசுந்தரம் ‘மதுரைத் திட்ட’த்தைத் தொடங்கினார். வெவ்வேறு நாட்டுத் தமிழர்கள் தத்தம் வீட்டில் இருந்தபடி, பகல் வேலை முடிந்த பின், பழந்தமிழ் நூல்களை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டச்சுச் செய்தார்கள். திருக்குறளை முதல் நூலாகக் கொண்டு தொடங்கிய வரிசை அது. அன்று கணிப்பொறியில் தமிழ் எழுத்துக்கு ஒரே முறைகூட இல்லை. ஆளுக்கொரு எழுத்துரு, ஒருவர் தட்டியது மற்றவர் திரையில் குப்பையாகத் தெரியும். இவ்வளவு இடையூற்றிலும் வேலை நடந்தது என்பதை இன்று கைப்பேசியில் விரல் நுனியால் தமிழ் எழுதும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நான் இரவில் விளக்கெரித்துச் செய்யும் வேலை ‘விக்கிமூலம்’ என்ற இடத்தில். 2016-ஐ ஒட்டித் தமிழ் இணையக் கல்விக்கழகம், நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல்களில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவற்றின் பக்கப் படங்களை இதற்கு அளித்தது. படம் என்பது எழுத்தன்று. அதில் ஒரு சொல்லைத் தேட முடியாது. பார்வையற்றவர்க்குக் கருவி அதைப் படித்துச் சொல்லாது. ஆகவே படத்தை எழுத்தாக்க வேண்டும். முதல் உழவை ‘எழுத்துணரி’ என்னும் பொறி உழுதுவிடுகிறது. களையெடுப்பது மனிதர் வேலை.

பொறியின் களைகளைச் சொன்னால் சிரிப்பீர்கள். துணைக்கால் குறிக்கும் ரகரத்துக்கும் அதற்கு வேறுபாடு தெரியாது. ‘காடு’ என்று அச்சில் இருந்தால் ‘கரடு’ என்று எழுதும். ‘மாம்பழம்’ ஒரு பக்கத்தில் ‘மரம்பழம்’ ஆகியிருந்தது. மரத்தில் பழுப்பதுதானே என்று அது நினைத்ததோ என்னவோ! தமிழ் எண் ‘௧’ கண்டால் ககரம் என்னும். ‘௭’ கண்டால் எகரம் என்னும். 1978-ல் தமிழ்நாட்டு அரசாங்கம் எழுத்துச் சீர்திருத்தம் செய்து பதின்மூன்று எழுத்துகளின் வடிவை மாற்றியது. அதற்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, ளை, னை என்பன யானைத் துதிக்கை போன்ற கொம்புடன் இருக்கும். ணா, றா, னா என்பன காலைத் தனியே நீட்டாமல் தம்முள்ளேயே சுருட்டிக்கொண்டிருக்கும். நம் வயதினர் பலருக்கே அவை புதிர். பொறிக்குக் கேட்பானேன்?

செய்யும் முறை கடினமன்று. திரையின் ஒரு பக்கம் அச்சுப் பக்கத்தின் படம். மற்றொரு பக்கம் பொறி எழுதிய எழுத்து. இரண்டையும் ஒத்துப் பார்த்துத் திருத்த வேண்டும். தொடாத பக்கம் சிவப்பு. ஒருவர் மெய்ப்புப் பார்த்து முடித்தால் மஞ்சள். மற்றொருவர் மறுபடி படித்துச் சரி என்று ஒப்பினால் பச்சை. இங்கே ஒரு விதி இருக்கிறது. இந்த ஏற்பாட்டின் உயிர்நாடியே அதுதான் என்பேன். மஞ்சளாக்கியவரே அதைப் பச்சையாக்க முடியாது! அவர் பெரும்புலவராக இருந்தாலும் சரி, பொறி அந்தப் பொத்தானை அவருக்குக் காட்டவே காட்டாது. ஆயிரம் பக்கம் திருத்தியவரும் தம் பக்கம் பச்சையாவதற்கு முன்பின் அறியாத ஒருவருக்காகக் காத்திருக்க வேண்டியவரே.

இவ்வேலையில் நான் பட்ட அவமானம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதலில் கையில் எடுத்தது ஐம்பதுகளில் அச்சான ஒரு கட்டுரை நூல். ஆசிரியர் ‘ருஷியா’ என்று எழுதியிருந்தார்; ‘ரஷ்யா’ என்று மாற்றினேன். ‘பிரயாணம்’ என்றிருந்தது, ‘பயணம்’ ஆக்கினேன். ‘சென்னை ராஜதானி’ எனக்குப் பிடிக்கவில்லை. ‘சென்னை மாகாணம்’ ஆயிற்று. நல்ல தமிழுக்குத் தொண்டு செய்கிறோம் என்ற பெருமிதத்தோடு முப்பது பக்கம் முடித்துவிட்டுத் தூங்கினேன். மறுநாள் பார்க்கிறேன், முப்பது பக்கமும் பழையபடி! ஒருவர் பொறுமையாக ஒவ்வொன்றையும் மீட்டு வைத்திருந்தார். என் பேச்சுப் பக்கத்தில் ஒரு குறிப்பும் விட்டிருந்தார்: ‘இது அவர் எழுதிய நூல். அச்சில் உள்ளதை உள்ளபடி காப்பதுதான் இங்கே நம் வேலை. உங்கள் தமிழில் எழுத விக்கிப்பீடியாவில் இடம் நிறைய இருக்கிறது. வருக.’

கோபம் வந்தது. அன்று முழுவதும் அந்தப் பக்கம் போகவில்லை. பிறகு மெல்லப் புரிந்தது. ஊர் கூடிச் செய்யும் நூலில் இரண்டு விதம் உண்டு. ஒன்று காப்பது, அங்கே ஓர் எழுத்தைக்கூட நம் விருப்பத்துக்கு மாற்றக் கூடாது. அச்சுப் பிழை போலத் தோன்றினாலும் அது அந்தக் காலத்து வழக்காக இருக்கலாம். மற்றொன்று ஆக்குவது, அங்கே எதையும் மாற்றலாம், நான் எழுதியதையும் பிறர் மாற்றலாம், முகம் சுளிக்கக் கூடாது. இரண்டுக்கும் வெவ்வேறு மனம் வேண்டும். எனக்கு முதலாவதற்குப் பொறுமை இல்லை. இரண்டாவதற்கு அடக்கம் இல்லை. இரண்டையும் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

ஆக்கும் பக்கம் போய் வாங்கிய அடி வேறு. நம் பாட்டி அந்தக் காலத்துச் சங்கதிகள் நிறையச் சொல்வார். வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து, தெருவில் வீட்டுக்கு வீடு கைமாற்றிப் படிப்பார்களாம். கதையின் முடிவு எந்த வீட்டில் இருக்கிறது என்று தேடிக்கொண்டு போன நாளும் உண்டாம். மைசூர்த் தமிழர் எப்படித் தமிழ் படித்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல செய்தி எது? நான்கு வரியாக எழுதி விக்கிப்பீடியாவில் சேர்த்தேன். இரண்டு நாளில் அதன் தலையில் ‘சான்று தேவை’ என்ற முத்திரை விழுந்தது. பாட்டியிடம் சொன்னேன்.

“நான் சொல்றேனே, நானே சான்று இல்லையா?” என்றார்.

நியாயமான கேள்விதான். ஆனால் விதியும் நியாயமானதே. யாரும் எழுதலாம் என்ற இடத்தில், எழுதியவன் யார் என்று பார்த்து நம்ப முடியாது. அச்சில் வந்த ஆதாரத்தைப் பார்த்துத்தான் நம்ப முடியும். இல்லாவிட்டால் ஒவ்வொரு ஊராரும் தத்தம் ஊரில்தான் அகத்தியர் பிறந்தார் என்று எழுதிவிடுவார்கள். ஆயினும் அச்சேறாத வாழ்க்கை அத்தனையும் இவ்விதியால் வெளியே நின்றுவிடுகிறது என்பதை மறைப்பதற்கில்லை. பெண்களின் நினைவுகளும் தொழிலாளரின் நினைவுகளும் அப்படி நிற்பவையே. பெரியவர்கள் சொல்வதை நம்முடைய இந்த இதழ் போன்ற ஏடுகளாவது பெயரும் நாளும் குறித்து அச்சிட்டு வைத்தால், பின்னாளில் ஆராய்பவர் ஒருவர் அதை எடுத்துக்காட்ட வழி பிறக்கும். ஆசிரியர் குழுவினர் கவனிப்பார்களாக. (பாட்டி தயார்; எழுதுபவர்தான் வேண்டும்.)

உரிமைச் சட்டத்தைப் பற்றி இரண்டொரு வார்த்தை. கைக்குக் கிடைத்த நூலையெல்லாம் படம் பிடித்து ஏற்றிவிடுவது தொண்டன்று, திருட்டு. நம் நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் மறைந்த ஆண்டு முடிந்து அறுபது ஆண்டுகள் வரை உரிமை அவர் வாரிசுகளுடையது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1942-ல் மறைந்தார். 2003 ஜனவரி முதல் அவர் நூல்கள் பொது உடைமை. முன்னெல்லாம் இது ஐம்பது ஆண்டாக இருந்தது. 1941-ல் மறைந்த தாகூரின் நூல்களுக்கு உரிமை முடியும் தறுவாயில், 1992-ல், அறுபது ஆக்கினார்கள். தமிழுக்கு வாய்த்த தனிப்பேறு நாட்டுடைமை ஆக்கம். பாரதியார் நூல்களில் தொடங்கி, அரசாங்கம் வாரிசுகளுக்குப் பணம் கொடுத்து உரிமையைப் பெற்று மக்களுக்கு விடுகிறது. விக்கிமூலத்தில் இவ்வளவு தமிழ் நூல்கள் இருப்பதற்கு அதுவே பெருங்காரணம். உயிரோடு இருக்கும் ஆசிரியர் தாமே உரிமத்தை எழுதிக் கொடுத்தும் விடலாம். ‘கணியம்’ இதழைச் சேர்ந்தவர்கள் ‘எளிய தமிழில்’ என்ற தலைப்பு வரிசையில் கணிப்பொறி நூல்களை அப்படித்தான் வழங்குகிறார்கள். பொறியியல் படிக்கும் நம் நண்பர்கள் அவற்றைப் பார்த்திருப்பார்கள்.

‘யாரும் திருத்தலாம் என்றால் போக்கிரி ஒருவன் வந்து கெடுத்துவிட மாட்டானா?’ என்று கேட்கலாம். கெடுப்பான், கெடுத்துமிருக்கிறான். ஆனால் கெடுப்பதைவிட மீட்பது சுலபமாக இருக்கும்படி ஏற்பாடு. பழைய பக்கம் வரலாற்றில் பத்திரமாக இருக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் திரும்பி வரும். என் முப்பது பக்கத்துக்கு நேர்ந்த கதிதான் அவனுக்கும். உண்மையான ஆபத்து போக்கிரியால் அன்று, அவசரக்காரனால். பக்கக் கணக்கைக் காட்டிப் பெயர் வாங்கும் ஆசையில், படிக்காமலே பொத்தானை அழுத்திக்கொண்டு போனால் பிழை மேல் பச்சை வர்ணம் பூசியது போல் ஆகும். அதைக் கண்டுபிடிக்க மறுபடி ஒருவர் முழுவதும் படிக்க வேண்டும். பச்சை என்று நம்பி யாரும் படிக்கவும் மாட்டார்கள். அதனால்தான் நாளைக்கு ஒரு பக்கம் போதும் என்கிறேன். ஒரு பக்கத்துக்கு எனக்கு இருபது நிமிஷம் ஆகிறது. செய்யுள் இருந்தால் அரைமணி.

இன்னொரு குறையையும் சொல்லிவிடுகிறேன். காப்பதில் ஊர் கூடுகிறது; கலைக்களஞ்சியத்திலும் கூடுகிறது; ஆனால் ஒரு முழுப் பாடநூலைப் புதிதாகச் சேர்ந்து எழுதுவதில் அவ்வளவாகக் கூடுவதில்லை. அதற்கென்றே ‘விக்கிநூல்கள்’ என்று ஓரிடம் இருக்கிறது. முதல் அத்தியாயத்தோடு நின்ற நூல்களை அங்கே காணலாம். காரணம் விளங்காமல் இல்லை. அகராதியைச் சொல் சொல்லாகவும் களஞ்சியத்தைத் தலைப்புத் தலைப்பாகவும் பிரித்துக் கொடுக்கலாம். பாடநூலில் ஐந்தாம் அத்தியாயம் எழுதுபவர் நான்காவதில் என்ன சொல்லப்பட்டது என்று அறிய வேண்டும். நடையும் ஒன்றாக ஓட வேண்டும். அதற்கு யாரேனும் ஒருவர் தலைமை தாங்கி, திட்டம் போட்டு, எல்லார் எழுத்தையும் இழைத்துச் சேர்க்க வேண்டும். தேர் இழுக்க ஆயிரம் கை உதவும். முட்டுக்கட்டை போடுபவர் மட்டும் ஒருவராகவே இருக்க வேண்டும் அல்லவா?

நிற்க. பாட்டியின் கேள்விக்கு வருகிறேன். அவருடைய பேரன் நம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கல்லூரி ஒன்றில் பி.எஸ்.சி. படிக்கிறான். வீட்டில் பேசுவது தமிழ். படித்ததெல்லாம் கன்னடமும் ஆங்கிலமும். தமிழ் எழுத்து அவனுக்குப் பஸ் பலகைகளில் பார்த்த கோலம். பாட்டி தைத்து வைத்திருக்கும் தொடர்கதைக் கட்டுகள் பரணில் இருக்கின்றன. அவருக்குப் பின் அவற்றைப் பிரித்துப் படிக்க அந்த வீட்டில் ஆள் இல்லை. இவ்வூர்த் தமிழர் வீடுகள் பலவற்றில் இதே நிலைதான் என்று சொல்லத் தேவையில்லை. இதைப் படிக்கும் உங்களிலேயே சிலர், படிக்கத் தெரிந்த நண்பரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கக் கூடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணிப்பொறியைக் கூடத்துக்குக் கொண்டுபோய்ப் பாட்டிக்கு அந்தப் பழைய நூலின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். துதிக்கைக் கொம்பு வைத்த லகர ஐகாரத்தைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. தடையில்லாமல் வாசிக்கத் தொடங்கினார். பழைய அச்சுக்கூடங்களில் ஒருவர் மூலப் பிரதியை உரக்கப் படிக்க, மற்றொருவர் அச்சுப் படியைப் பார்த்துத் திருத்துவார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதே முறையை வைத்துக்கொண்டோம். பாட்டி படத்தைப் படிப்பார். நான் எழுத்தைத் தொடர்வேன். பேரன் சும்மா வேடிக்கை பார்க்க வந்து உட்கார்ந்தவன், ‘இது என்ன எழுத்து, அது என்ன எழுத்து’ என்று கேட்கலானான். கன்னடம் அறிந்தவனுக்குத் தமிழ் எழுத்து எத்தனை நாள் பாடம்? ஆறு வாரத்தில் கூட்டிப் படிக்க வந்துவிட்டது. அவன் பெயரிலேயே ஒரு கணக்குத் திறந்து கொடுத்தேன். நான் மஞ்சளாக்கி வைத்திருந்த பக்கங்களை அவன் பச்சையாக்கட்டும் என்று விட்டேன். உண்மையைச் சொன்னால், அதில் அவனுக்கு வேலை எதுவும் இருக்காது என்றுதான் எண்ணினேன். நான் இருமுறை படித்த பக்கங்கள் அவை.

முதற்பக்கத்தில் பாட்டி ஒரு வாக்கியத்தைப் படித்து அடுத்ததற்குப் போய்விட்டார். பேரன் விரலை எடுக்கவில்லை.

“பாட்டி, நில்லு. இங்கே ‘மரலை’ன்னு இருக்கு.”

“மாலைடா. சாயங்காலம்.”

“படத்திலே மாலைதான். இங்கே எழுதியிருக்கிறதிலே மரலை. பாரு, கீழே சின்னதா வால் இருக்கு.”

குனிந்து பார்த்தேன். வால் இருந்தது. என் கண் இருமுறையும் அதை ‘மாலை’ என்றே படித்துக்கொண்டு போயிருக்கிறது. வேகமாகப் படிக்கத் தெரிந்தவன் சொல்லைப் பார்க்கிறான். எழுத்துக் கூட்டிப் படிப்பவன்தான் எழுத்தைப் பார்க்கிறான். அந்தப் பக்கத்தில் அவன் இன்னும் இரண்டு பிடித்தான். பாட்டி சிரித்த சிரிப்பில் சமையற்கட்டிலிருந்து வீட்டுக்கார அம்மாள் எட்டிப் பார்த்தார்.

அந்த நூலில் இன்னும் நூற்றுப்பத்துப் பக்கங்கள் மஞ்சளாகவே நிற்கின்றன. அத்தனையும் நான் திருத்தியவை. ஆகையால் நான் தொட முடியாது. பேரனுக்கு இந்த மாதம் பரீட்சை. சங்கத்து அறையில் புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு மேல் நான் கணிப்பொறியோடு இருப்பேன்.